கைப்பிடிப் பக்கம்

"யாரைக் கேட்டும்மா அவனை வரச் சொன்ன?"

"அவனா? கட்டின புருஷன்டி அவளுக்கு. அவர்னு சொல்லு."

"சரி, யாரைக் கேட்டும்மா அவரை வரச் சொன்ன? போதுமா மரியாதை?"

"கத்தாத. எதிர்வீட்டு ஜன்னல் திறந்திருக்கு."

திறந்துதான் இருந்தது, பொய் சொல்வானேன்? அந்த வீட்டில் குரல் உயர்ந்தால் ஜன்னலைச் சாத்துகிற வழக்கம் எங்கள் தெருவில் இல்லை. வெயில் காலத்தில் காற்றுக்காகத் திறந்து வைப்போம், மழைக் காலத்தில் கதைக்காக.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டிவிடுகிறேன். சின்ன வீடுதான், நேரமாகாது. முன்னறை தையற்கடை. அது அம்மாவின் ராஜ்ஜியம். தெருவுக்கே அவர் தையலம்மா. பின்னால், முன்பு மரச்சாமான் கிடங்காக இருந்த கூடத்தில் பச்சை விரிப்பைப் போட்டு மூத்த மகள் தற்காப்புக் கலை சொல்லிக்கொடுக்கிறாள். வெறுங்கைப் பிடி, கம்பு, கத்தியைப் பிடுங்குவது என்று எத்தனையோ தலைமுறையாகக் கைமாறி வந்த வித்தை. அவளுக்கு நாற்பது வயது. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லியே கேட்கிறவர்களை ஓயவைத்தவள். மாஸ்டரம்மா என்றால் எல்லோருக்கும் தெரியும். அவளிடம் இரண்டு நர்ஸுகள், ஒரு வங்கிக் காசாளர், முட்டிவலிக்காரரான ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர் எல்லாம் கற்றுக்கொள்கிறார்கள். "உங்களுக்கு எதுக்கு சார் இந்த வயசுல?" என்றால் தபால்காரர், "நாய்க்காக" என்பார். ஓய்வு பெற்றபின் அவரை எந்த நாய் துரத்துகிறது என்று யாரும் கேட்டதில்லை.

சின்னவளுக்கு மருந்துக்கடையில் வேலை. ஐந்து மாதத்துக்கு முன்பு, ஒரு காலில் மட்டும் செருப்போடு, இடது தோளை வலது கையால் தாங்கிக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்கினாள்.

"பாத்ரூம்ல வழுக்கிட்டா" என்றார் தையலம்மா.

கல்யாணமான பெண்களாகப் பார்த்து வழுக்குகிற இந்த பாத்ரூம்களை யார்தான் கட்டுகிறார்களோ!

கணவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். கற்றுக்கொடுக்கும் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. குடும்பத்தையும் அதே காராகத்தான் வைத்திருந்தார். ஓட்டுவது அவளாக இருக்கலாம், நிறுத்துவது அவர். அவள் நிற்காத அன்றைக்குத்தான் தோள் எலும்பு போனது.

அன்றைய நாளின் கணக்கு இவ்வளவுதான்: தூரத்து ஊரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் மருந்தகத்தில் சின்னவளுக்கு வேலை கிடைத்திருந்தது. மறுநாள் காலை ஒன்பதுக்குள் சேர வேண்டும். சான்றிதழ், வேலை உத்தரவு, நாலு மணி பஸ்ஸின் டிக்கெட் எல்லாம் ஒரு நீலப் பைக்குள் இருந்தன. பை வெட்டுமேசைக்கு அடியில் இருந்தது. பஸ் ஏறிவிட்டால் பிழைத்தாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் தையலம்மா மாப்பிள்ளைக்கு போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லி வைத்திருக்கிறார்.

"ரெண்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கேன். ரெண்டு மணி நேரம் உக்காந்து பேசினா என்னடி குறைஞ்சு போயிடும்?"

"போன தடவை பேசினப்ப ஒரு எலும்பு குறைஞ்சுது."

"அழுதாருடி அவர்! இதே ஸ்டூல்ல உக்காந்து. இந்த ரெண்டு கண்ணால பாத்தேன்."

"பாத்துட்டு? சட்டைக்கு அளவெடுத்தியாக்கும்?"

தையலம்மா அளவு நோட்டை மூடி வைத்தார். எடுத்திருந்தார். கழுத்து பதினாறு என்று நோட்டில் எழுதியும் வைத்திருந்தார்.

"ஒருத்தி கல்யாணமே வேண்டாங்கறா. இன்னொருத்தி கட்டினவர் வேண்டாங்கறா. நான் யாருக்குடி இந்த மெஷினை மிதிச்சுக்கிட்டிருக்கேன்? அவ அந்த ஊருக்குப் போனா திரும்பி வரவே மாட்டா. எனக்குத் தெரியும்." தையலம்மாவின் குரல் உடைந்தது. அதுவரை உச்சுக்கொட்டிக்கொண்டிருந்த எங்களுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அப்போது சின்னவள் மாடிப்படியில் இறங்கி வந்தாள்.

"வரட்டும்மா. நானே பேசிக்கறேன். அக்கா, நீ நடுவுல வரக்கூடாது."

"ஏன்டி?"

"நீ வந்தா, அக்கா முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டான்னு வாழ்க்கை பூரா சொல்லுவார். நாலு மாசமா நீ கத்துக்கொடுத்தது எதுக்கு?"

மாஸ்டரம்மா தங்கையின் மணிக்கட்டைப் பிடித்துப் பின்கூடத்துக்குக் கூட்டிப் போனாள். பிடித்த கையைச் சின்னவள் நடந்துகொண்டே விடுவித்துக்கொண்டாள். அப்படி ஒரு பழக்கம் ஏறியிருந்தது அவளுக்கு.

பதினோரு மணி வகுப்பில் அன்று எல்லோரும் இருந்தார்கள். அங்கே நடந்ததைப் பின்னால் எனக்குச் சொன்னது அந்த நர்ஸுகளில் குட்டையானவள்.

முதலில் பிடி விடுவித்தல். எதிராளி மணிக்கட்டைப் பிடித்தால் பின்னால் இழுக்கக் கூடாது. அவன் பெருவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கிற இடத்தில்தான் கதவு இருக்கிறது. முழங்கையை முன்னே தள்ளி அந்த வழியாகக் கையை உருவ வேண்டும். "பலசாலி கையிலயும் பெருவிரல் ஒண்ணுதான்" என்பாள் மாஸ்டரம்மா.

பிறகு கத்தி. மரக்கத்தியோடு ஒருவர் பாய, மற்றவர் பக்கவாட்டில் விலகி, மணிக்கட்டைப் பற்றித் திருகிக் கத்தியைப் பறிக்க வேண்டும். பறித்தபின் அங்கே ஒரு முறை உண்டு. கூர்முனையைத் தன் பக்கம் திருப்பி, கைப்பிடிப் பக்கம் எதிராளியைப் பார்க்க, இரண்டு கையாலும் ஏந்தி, தலையைக் கொஞ்சம் குனிந்து, திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அப்போதுதான் அவர் மறுபடி பாய முடியும், இவர் மறுபடி பறிக்க முடியும். "பிடுங்கினதை வச்சுக்கறவன் ரவுடி. மரியாதையா திருப்பிக் கொடுக்கறவன்தான் வித்தைக்காரன்" என்பது மாஸ்டரம்மாவின் வேதவாக்கு. ஒருநாள் காசாளர் கத்தியை விரிப்பில் பொத்தென்று போட்டுவிட்டாராம். அதற்காகவே அவரை இருபது தடவை கொடுக்க வைத்தாள். வங்கிக்காரருக்குத் திருப்பிக் கொடுக்கவா வரும் என்று தபால்காரர் சிரித்தார். அவருக்கும் இருபது.

அன்று காலை சின்னவள் மட்டும் அறுபது தடவை பறித்தாள், அறுபது தடவை கொடுத்தாள்.

"கண்ணை மூடிக்கிட்டே செய்யறா" என்றாள் குட்டை நர்ஸ்.

"இப்பத்தான் வித்தை உடம்புக்குள்ள இறங்கியிருக்கு" என்றாள் மாஸ்டரம்மா. அன்று அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

இரண்டு மணிக்குத் தலையில் போர்டு வைத்த கார் வந்து நின்றது. சுவரோரமாக, ஒரே மூச்சில், ஒரு சாண் இடைவெளி விட்டு. அதிலெல்லாம் மனிதரைக் குறை சொல்ல முடியாது. கையில் பழப்பை வேறு.

"என்ன அத்தை, முதுகுவலி எப்படி இருக்கு?"

"இருக்கு மாப்பிள்ளை. உக்காருங்க. டீ போட்டுட்டேன்."

கடையின் மூலையில், தைத்த துணியைப் போட்டுப் பார்க்க ஒரு திரை மறைவு உண்டு. மாஸ்டரம்மா அதற்குள் நின்றாள். நடுவில் வரமாட்டேன் என்றுதானே சொன்னாள், வீட்டிலேயே இருக்கமாட்டேன் என்றா சொன்னாள்? திரைக்குக் கீழே இரண்டு வெறுங்கால்கள் தெரிந்தன. மாப்பிள்ளை கவனிக்கவில்லை. ஊருக்கெல்லாம் கண்ணாடியைப் பார்த்து ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவர்!

சின்னவள் வெட்டுமேசைக்கு இந்தப் பக்கம் நின்றாள்.

"கிளம்பு" என்றார் மாப்பிள்ளை.

"எங்க?"

"வீட்டுக்கு. எங்கன்னு வேற கேக்கற?"

"நான் நாலு மணி பஸ்ல போறேங்க. நாளைக்கு வேலையில சேரணும்."

"யார் உத்தரவு கொடுத்தா?"

"ஆஸ்பத்திரிக்காரங்க கொடுத்திருக்காங்க."

உள்ளபடியே பதில் சொன்னாள், பாவம். அவருக்கு அது நக்கலாகப் பட்டது.

"மாப்பிள்ளை, டீ ஆறுது" என்றார் தையலம்மா.

"இருங்க அத்தை." எழுந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். சின்னவளின் முழங்கை முன்னே போயிற்று, கை வெளியே வந்துவிட்டது. அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார், வைத்த பொருளைக் காணோம் என்பதுபோல. இந்தத் தடவை இரண்டு கையாலும் பிடித்தார். அதுவும் கழன்றது.

"ஓ. வித்தையா? அக்காக்காரி கிளாஸா?"

"விடுங்க. நான் கிளம்பணும்."

மேசைமேல் தையலம்மாவின் வெட்டுக் கத்தரி இருந்தது. முழங்கை நீளம், கனத்த இரும்பு. அதை எடுத்தார். குத்தவா, பயங்காட்டவா என்று எங்கள் தெருவில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. எடுத்து ஓங்கியதை நான் பார்த்தேன். எனக்கு அது போதும்.

சின்னவள் விலகினாள். பற்றினாள். திருகினாள். கண்மூடித் திறப்பதற்குள் கத்தரி அவள் கையில்.

எதிர்வீட்டு ஜன்னலில் நாங்கள் கைதட்டப் போனோம். திரைக்குப் பின்னால் மாஸ்டரம்மா அடக்கி வைத்த மூச்சை விட்டாள்.

அப்புறம்தான் அது நடந்தது.

சின்னவள் கத்தரியைத் திருப்பினாள். கூர்முனை தன் வயிற்றைப் பார்க்க, கைப்பிடி அவரைப் பார்க்க, இரண்டு கையாலும் ஏந்தி, தலையைக் கொஞ்சம் குனிந்து, நீட்டினாள்.

அவர் வாங்கிக்கொண்டார்.

 அவருக்கே ஒன்றும் விளங்கவில்லை. விளங்காததைத் தனக்குச் சாதகமாக விளங்கிக்கொள்வதில் அவர் கெட்டிக்காரர். மெல்லச் சிரித்தார்.

"பாத்தீங்களா அத்தை? பெரியவ என்னதான் சொல்லிக்கொடுத்தாலும் அவளுக்குத் தெரியுது யாருக்கு அடங்கணும்னு. அவளே கொடுக்கறா பாருங்க."

சின்னவள் தன் வெறுங்கைகளைப் பார்த்தாள். அவை யாருடையவோ என்பதுபோல் பார்த்தாள். அந்த முகத்தை நான் மறுபடி பார்க்க விரும்பவில்லை. அவர் வந்து பின்கழுத்தைப் பிடித்தபோது விடுவிக்கிற வழி ஒன்றும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. நாலு மாசப் பாடமும் வடிந்துபோய், ஐந்து மாதத்துக்கு முந்தைய பெண்ணாக நின்றாள்.

திரை கிழிந்தது. மாஸ்டரம்மா பாய்ந்து தங்கையை அவர் பிடியிலிருந்து பிய்த்துத் தன் பின்னால் தள்ள, அவர் கத்தரியை ஓங்கினார். வகுப்பில் எட்டடிக்கு எட்டடி விரிப்பில் சுழல்கிறவளுக்கு இங்கே துணிப் பொதிகளும் இரண்டு தையல் மெஷினும் குறுக்கே. பக்கவாட்டில் விலகலாம், ஆனால் விலகினால் பின்னால் தங்கை. விலகாமல் கையை நீட்டினாள். வந்த கத்தரியை உள்ளங்கையால் வாங்கினாள்.

ரத்தம் மேசைமேல் விரித்திருந்த சாம்பல் நிறக் கோட்டுத் துணியில் ஓடியது. அதைப் பார்த்ததும் அவர் பிடி தளர்ந்தது. சின்னவள் இரண்டாம் தடவையாகக் கத்தரியைப் பறித்தாள். அவள் கைகள் அதை மறுபடியும் திருப்பத் தொடங்கின.

"அடியே, வேண்டாம்!" என்று அலறினாள் மாஸ்டரம்மா.

"என்கிட்ட கொடு" என்றார் தையலம்மா.

கொடுத்தாள். கைப்பிடிப் பக்கம்தான். தையலம்மா அதை மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். வாசலைக் காட்டினார்.

"வெளிய போங்க மாப்பிள்ளை."

அந்த நேரத்திலும் அந்த 'ங்க' விட்டுப்போகவில்லை.

அவர் போனார். போகிற போக்கில் மேசைக்கடியில் குனிந்து நீலப் பையை எடுத்துக்கொண்டு போனார். எங்களில் ஒருத்தர்கூட இறங்கிப்போய்த் தடுக்கவில்லை. ஜன்னலிலிருந்து படிக்கட்டு அவ்வளவு தூரம்!

ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் டாக்டர், பெருவிரலை மடக்குகிற தசைநார் அறுந்துவிட்டது என்றார். தைத்தாகிவிட்டது, ஆனால் பிடி திரும்ப வருமா என்று ஆறு மாதம் போனால்தான் சொல்ல முடியும்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"பிடி சொல்லிக்கொடுக்கறேன்" என்றாள் மாஸ்டரம்மா. டாக்டருக்குப் புரியவில்லை.

சுவர்க் கடிகாரத்தில் நாலு அடித்துப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. சின்னவள் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"நான் அவர்கூடவே போயிடறேன்க்கா."

"என்னடி உளர்ற?"

"பையும் போச்சு. வேலையும் போச்சு. உன் கையும் போச்சு. நானே எடுத்துக் கொடுத்தேன்க்கா. யாராவது செய்வாங்களா? அவர் சொன்னது சரிதான் போல. எனக்கு அடங்கத்தான் வரும்."

மாஸ்டரம்மா கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள்.

"கொடுத்தது நீ இல்லடி. நான். நாலு மாசமா கொடு கொடுன்னு உன் கையில ஏத்தினது யாரு? ஒரு தடவையாவது, பிடுங்கிட்டு ஓடுன்னு சொல்லிக்கொடுத்தேனா? மரியாதை சொல்லிக்கொடுத்தேன்." கட்டில்லாத கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு அடி வாங்கிப் பழக்கமில்ல. அதான் தெரியல."

மாஸ்டரம்மா அழுது நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அன்று பார்த்தது அம்மாவும் தங்கையும் மட்டும்; எனக்குப் பிற்பாடு சொன்னது தையலம்மா.

அந்த நேரத்தில் ஒரு பெண் போலீஸ் நோட்டோடு வந்தார். கத்திக்குத்துக் காயம் என்றால் ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய்விடும். "எப்படி ஆச்சு?" என்றார்.

"மருந்து மயக்கம் தெளியட்டும் மேடம், கொஞ்ச நேரம் கொடுங்க" என்றாள் மாஸ்டரம்மா. அவர் கதவுக்கு வெளியே போய் நின்றார்.

"அம்மா, போன் போடு. நீதான் கூப்பிட்ட, நீயே பேசு" என்று நாலைந்து வரி சொல்லிக்கொடுத்தாள்.

தையலம்மா போன் போட்டார். 

"மாப்பிள்ளை, நான்தான். பையைப் பிரிக்காம கொண்டுவந்து ஆஸ்பத்திரி வாசல்ல வைங்க. விவாகரத்துக்குச் சம்மதம்னு உங்க கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டு அதுக்குள்ள வைங்க. போலீஸ் கதவுக்கு வெளியதான் நிக்கறாங்க. பை வந்தா பெரியவ வாயைத் திறக்க மாட்டா. வரலேன்னா திறப்பா." கொஞ்சம் நிறுத்தி, தனக்காக ஒரு வரி சேர்த்துக்கொண்டார்: "உங்க சட்டையை நான் தைக்கப்போறதில்ல."

"என்னக்கா இது? அவரை அப்படியே விட்டுடறியா? உன் கைக்கு யார் பதில் சொல்றது?" சின்னவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"கேஸ் போட்டா ஆறு வருஷம் கோர்ட்டுல அவர் முகத்தையே பாத்துட்டு நிப்ப. பை போலீஸ் ஸ்டேஷன்ல சாட்சியா கிடக்கும். வேலை யாரோ ஒருத்திக்குப் போயிடும். எனக்கு நீ பஸ் ஏறணும்."

"அவர் தப்பிச்சிடுவாருக்கா."

"தெரியும்டி."

ஐந்தே முக்காலுக்குப் பை வந்தது. காகிதமும் இருந்தது. கோணல்மாணல் கையெழுத்து. பெண் போலீஸ் மறுபடி உள்ளே வந்தார்.

"துணி வெட்டும்போது கத்தரி வழுக்கிடுச்சு மேடம்" என்றாள் மாஸ்டரம்மா.

"வலது கையிலயா? நீங்க இடதுகைக்காரங்களா?"

"ஆமா."

அவர் மூன்று பேர் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். இந்தப் பதிலை வாரம் நாலு தடவை எழுதுகிறவர்போல எழுதிக்கொண்டு போனார்.

அன்றைய கடைசி பஸ்ஸான ஆறரை மணி வண்டியில் சின்னவளை ஏற்றிவிட்டது தையலம்மா. 

பின்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். வைத்துக்கொண்டிருக்க எனக்கு வராது. சின்னவள் வேலையில் சேர்ந்தாள், அந்த ஊரிலேயே இருக்கிறாள். இந்தப் பக்கம் வரவே இல்லை. மூன்றாம் மாதம் தையலம்மா மெஷினை வேனில் ஏற்றிக்கொண்டு அவளோடு இருக்கப் போய்விட்டார். தெருவில் பாதிப் பேரின் கால்சட்டை இன்னும் நீளமாகவே இருக்கிறது. குட்டை நர்ஸ் காசாளரைக் கல்யாணம் செய்துகொண்டாள். யார் பிடியில் யார் விழுந்தார்கள் என்று தபால்காரர் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார். மாஸ்டரம்மாவின் பெருவிரல் மடங்கவில்லை. வகுப்பு நடக்கிறது. பிடுங்கியதைத் தூரமாக எறிந்துவிட்டு ஓடுவதுதான் இப்போது அங்கே முதல் பாடம்.

ஒரு வருஷத்தில் விவாகரத்து முடிந்தது. டிரைவிங் ஸ்கூல்காரருக்கு மறுபடி பெண் பார்த்தார்கள். வெளியே தேட வேண்டியிருக்கவில்லை. அவரிடமே வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த பெண், இருபத்தாறு வயது, வாய் ஓயாமல் பேசுகிறவள். மாஸ்டரம்மா அவள் வீட்டு வாசல்வரை இரண்டு தடவை போனாளாம். இரண்டு தடவையும் மணியை அடிக்காமல் திரும்பினாள். என்னவென்று சொல்வாள்? கத்தரி வழுக்கியது என்று போலீஸை எழுதவைத்தவளாயிற்றே.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. எங்கள் தெருவிலிருந்து எல்லோரும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தோம். அந்தப் பெண் பெட்டியோடு அந்த வீட்டுக்குக் குடிபோய் இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது.